திருவிருந்துக்குப் பெயர் எழுதியவன்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை, ஆலயத்தின் பக்கவாட்டு வராந்தாவில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு சபைச் செயலர் உட்கார்ந்திருப்பார். மறுநாள் திருவிருந்து எடுக்க விரும்புகிறவர்கள் வரிசையில் வந்து பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுத்தவர்கள் மட்டுமே ஞாயிறன்று பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டு அப்பமும் திராட்சரசமும் பெறலாம். பல ஊர்களில் இந்த வழக்கம் இப்போது தளர்ந்துவிட்டது. திருவண்ணாமலையில் அதைத் தளரவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான். பதினாறு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பதினாறு வருடத்தையும் நினைத்தால் இப்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

என் விசுவாசம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் பாட்டனார் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, சன்னலைத் திறந்து வைத்து, தெருவுக்குக் கேட்கும்படி ஜெபிப்பேன். பௌர்ணமி நாட்களில் மட்டும் எல்லாச் சன்னல்களையும் சாத்திவிடுவேன். கிரிவலம் போகிறவர்களின் கூட்டம், கற்பூரப் புகை, ஒலிபெருக்கி எதுவும் உள்ளே வரக்கூடாது. மறுநாள் காலை தெருவெல்லாம் மிதிபட்ட சோறும் பாக்குமட்டைத் தட்டுகளும் வாழைப்பழத் தோலுமாகக் கிடக்கும். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அதைக் கடந்து போவேன். எனக்கு அப்போது வந்தது குப்பையின் மேல் வந்த அருவருப்பு அல்ல. அதைப் போட்டவர்கள் மேல் வந்தது. அந்த அருவருப்பைத்தான் என் பக்தி என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது அதிகமாக அதிகமாக நான் கர்த்தருக்கு நெருங்கி வருவதாக எனக்குள் ஒரு கணக்கு.

பக்கத்து வீடு, பெரிய கோயிலில் முறை வைத்துப் பூசை செய்யும் குருக்கள் குடும்பம். மார்கழி முழுக்க அந்த வீட்டம்மா ஒரு சின்னத் தூக்கில் பொங்கல் கொண்டுவருவார். "சூடா இருக்கு சார். ஆறதுக்குள்ள அம்மாவ சாப்பிடச் சொல்லுங்கோ" என்பார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். சிரிப்பேன். குருக்களின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பேன். அவர் வாசலைத் தாண்டியதும் தூக்கை விரல் நுனியில் பிடித்து என் மனைவியிடம் நீட்டி, "கொட்டிட்டுக் கழுவிக் குடுத்துடு" என்பேன். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவேன்.

இவ்வளவு சுத்தம் பார்த்தவன், கார்த்திகை தீபத்தன்று எங்கள் மொட்டை மாடியை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவேன். எங்கள் மாடியிலிருந்து மலையுச்சி நேராகத் தெரியும். மேலே அவர்கள் தீபத்தைப் பார்த்துக் கையைத் தூக்கிக் கும்பிடும்போது நான் கீழே உட்கார்ந்து அவர்களுடைய ஆத்துமாவுக்காக ஜெபிப்பேன். வாடகையில் ஒரு பங்கை ஞாயிறன்று காணிக்கைப் பையில் போடுவேன். மனைவி ஒரு தடவை, "மாடி மட்டும் ஞானஸ்நானம் எடுக்கலியா?" என்று கேட்டாள். அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி.

அவள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து, புருஷன் செத்த பிறகு, ஒரே மகளோடு இங்கே வந்தவள். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை. ஆலயத்தில் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்காருவாள். ஒரு ஞாயிறும் தவறியதில்லை. பௌர்ணமிக்கு விடுதியில் விடுப்பு எடுத்துக்கொண்டு, கிரிவலப் பாதையில் அன்னதானம் போடும் ஒரு கொட்டகையில் காய் நறுக்கப் போவாள். அங்கே கூலி கொஞ்சம் ஜாஸ்தி. மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் மகளுக்குத் திடப்படுத்தல் வைத்திருந்தார்கள். உபதேச வகுப்பு முடிந்த பிள்ளைகள் சபைக்கு முன்பாகத் தங்கள் விசுவாசத்தை அறிக்கை செய்து முதல் முறையாகத் திருவிருந்து எடுக்கும் நாள். அதற்கு நான்கு நாள் முன்னால் பௌர்ணமி வந்தது. எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு படத்தைப் போட்டார்கள். கொட்டகையில் பூசணிக்காய்க் குவியலுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியில் திருநீறு. நான் இரண்டு விரலால் அந்த நெற்றியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போது எனக்கு வருத்தம் வரவில்லை. ஒரு பிடி கிடைத்த சந்தோஷம்தான் வந்தது. அதை எழுத இப்போது கை கூசுகிறது.

சனிக்கிழமை வேலை முடித்து அப்படியே வந்திருந்தாள். வரிசையில் பத்துப் பேர் இருந்தார்கள். அவளுக்கு அடுத்து என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"ஸ்தோத்திரம் சார். எம் பேரும் பொண்ணு பேரும் எழுதிக்கோங்க. மொத மொத எடுக்கறா. ரெண்டு பேரும் ஒண்ணா மண்டி போடணும்னு அவளுக்கு ஆச."

நான் இரண்டு பெயரையும் எழுதினேன். எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதினால்தான் எல்லோருக்கும் முன்னால் அடிக்க முடியும் என்பதற்காக எழுதினேன். பிறகு கைப்பேசியை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இது யாரு?"

"நான்தான் சார்."

"நெத்தியில என்ன?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போனது.

"கிரிவலம் வந்த பெரியவரு ஒருத்தரு எல்லாருக்கும் வெச்சிக்கினே வந்தாரு சார். ரெண்டு கையும் ஈரம். வேணாம்னு சொல்றதுக்குள்ள வெச்சிட்டாரு. அப்பறமா மூஞ்சி கழுவிட்டேன்."

"அங்க சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் சார். காலையில இருந்து வேல. சாப்பாடு போட்டுத்தான் கூலி."

"விக்கிரகத்துக்குப் படைச்சதுன்னு தெரியாதா உனக்கு?"

"சாம்பார் சாதம் சார்" என்றாள்.

வரிசையில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அந்தப் பெண் கேலியாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஸ்கேலை எடுத்து அவள் பெயரின் மேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டேன்.

"பாஸ்டரய்யா சொல்லிட்டார். பொண்ணு மட்டும் எடுக்கட்டும்."

"அய்யாவா சொன்னாரு? நான் ஒரு தடவ அவர கேட்டுட்டு வந்துடறேன் சார்."

"ஜெபத்துல இருக்கார். தொந்தரவு பண்ணாதே."

இரண்டும் பொய். போதகருக்கு இந்தப் படத்தைப் பற்றியே தெரியாது. அவர் அப்போது ஜெபத்திலும் இல்லை. வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று மெக்கானிக்கோடு நின்றுகொண்டிருந்தார். பின்னால் அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஏன் இந்தம்மா பேர் அடிச்சிருக்கு?" என்று கேட்டபோது, "அவங்களே வேணாம்னுட்டாங்க" என்றேன். அது மூன்றாவது பொய்.

எங்கள் சபையில் ஒரு மருத்துவர் இருக்கிறார். அவருடைய மருத்துவமனையில் ஆயுத பூசைக்குக் கருவிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை கொடுப்பார்கள். நானே வாங்கியிருக்கிறேன். அவர் பெயரை எழுதும்போது நான் எழுந்து நிற்பேன். அவரிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இந்தப் பெண்ணைக் கேட்டேன். அவள் எந்தத் தெருவிலிருந்து வந்தவள் என்பதும், என்னை எதிர்த்துப் பேச அவளுக்கு ஒருவரும் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. பாட்டனார் காலத்திலேயே விட்டுவிட்டோம் என்று மேடையில் பேசுகிற சாதி என்னோடு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது.

ஞாயிறன்று வெள்ளைப் புடவையில் அந்தப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து மண்டியிடுவது எங்கள் பழக்கம். அவள் மகள் தனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் மண்டியிடும் அளவுக்கு இடம் விட்டு மண்டியிட்டாள். தாய் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. திரும்பிப் பின்னால் பார்த்தாள். தாய் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தை ஒழுங்குபடுத்த நின்றிருந்த நான், அடுத்து இருந்த ஓர் அம்மாளைக் கையைக் காட்டி அந்த இடத்துக்கு நகர்த்தி மண்டியிட வைத்தேன். அப்பம் வாங்கும்போது அந்தப் பிள்ளையின் நாக்கு நடுங்கியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பயபக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மகள் ஆலயத்துக்கு வரவில்லை. செவிலியர் படிப்பு முடித்து வெளியூர் போய்விட்டாள். தாய் மட்டும் வந்துகொண்டிருந்தாள். வருவாள், உட்காருவாள், திருவிருந்து தொடங்கும்போது எழுந்து போய்விடுவாள். மறுபடி ஒரு சனிக்கிழமையும் பெயர் கொடுக்க வரவில்லை. வருடங்கள் போயின. நான் அதைப் பற்றி ஒருநாளும் நினைக்கவில்லை.

என்னை நினைக்க வைத்தவள் என் மனைவி. போன மார்கழியில் அவள் படுக்கையில் இருந்தாள். செயலர் பொறுப்பை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தேன். பக்கத்து வீட்டம்மா வழக்கம்போலப் பொங்கல் கொடுத்துவிட்டுப் போனார். நான் தூக்கை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போகும்போது மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, கொட்டாதீங்க. இங்க குடுங்க."

"எதுக்கு?"

"ரெண்டு வாய் சாப்பிடறேன்."

"உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆவல. முப்பது வருஷமா சாப்பிட்டுனுதான் இருக்கேன். ஒரு நாளும் கொட்டினதில்ல. அந்தம்மா நெய் போடறதுல கம்மியே பண்ண மாட்டாங்க."

நான் நின்றுவிட்டேன். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என் பேரையும் ஸ்கேல் வெச்சு அடிச்சிருப்பீங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அன்னிக்கு அவளுக்குப் பின்னாடி நான்தான நின்னேன். அவ பேர அடிச்ச கையால என் பேர எழுதினீங்க. நானும் வாய மூடிக்கினு குடுத்தேன். அவ ஒரு நாள் சாப்பிட்டா. நான் மார்கழி பூரா சாப்பிடறவ. இதுல நீங்க மட்டும் கெட்டவர் இல்ல."

ஒரு கரண்டி எடுத்து வந்து ஊட்டினேன். நெய்யின் வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"மூஞ்சிய அந்தப் பக்கம் வெச்சிக்கினே ஊட்றீங்க பாருங்க" என்றாள். திட்டவில்லை. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. தை பிறந்து சில நாளில் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு வீட்டில் நானும் என் ஜெபமும்தான் மிஞ்சினோம். காலையில் சன்னலைத் திறந்து வாயைத் திறந்தால் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஏற்ற இறக்கத்தோடு, பள்ளிக் காலைக் கூட்டத்தில் பேசுகிற மாதிரி, கர்த்தரை வரிசையில் நிற்கவைத்துப் பேசுகிற குரல். இதைத்தான் நாற்பது வருடம் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது என்று நினைத்தபோது சன்னலைச் சாத்தினேன்.

அடுத்த பௌர்ணமி மத்தியானம் அந்த அன்னதானக் கொட்டகைக்குப் போனேன். அந்தப் பெண் முறத்தில் கத்தரிக்காயை நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உட்காருங்க" என்றேன்.

"என்னா சார் புதுசா வாங்க போங்கன்னு? அம்மா போனது கேட்டு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. கல்லறைக்கு வந்திருந்தேன், நீங்க பாக்கல."

நான் நின்றபடியே சொன்னேன். பெயரை அடித்தது போதகர் இல்லை, நான்தான் என்று. அவரிடமும் பொய் சொன்னேன் என்று. மன்னிக்க வேண்டும் என்று. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டாள்.

"அய்யா சொல்லலன்னு எனக்கு அப்பவே தெரியும் சார். ஒரு வாரம் கழிச்சு அவரே 'ஏம்மா எடுக்கல'ன்னு கேட்டாரு. உங்கள மாட்டிவுட வேணாம்னு நான்தான் பேசாம இருந்துட்டேன்."

அவள் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள்.

"ஆனா சார், பத்து பேரு எதுர்ல அடிச்சீங்க. இப்ப கத்திரிக்கா கிட்ட வந்து மன்னிப்பு கேக்கறீங்க. அங்க சொல்லுங்க. எம் பொண்ணுக்கு நான் தப்பு பண்ணலன்னு தெரியணும். அம்மா ஏதோ பண்ணிட்டா, அதான் ஒதுக்கிட்டாங்கன்னு ஊர் சொல்லிச்சு. அவ காதுக்கும் போச்சு."

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண், "பெரியவரு வெயில்ல வந்துகீறாரு, மோராவது குடு" என்றாள். குடித்தேன். தொண்டையில் இறங்கும்போது பழைய அருவருப்பு உடம்பில் எழுந்தது. இவ்வளவு அழுதும், இவ்வளவு வெட்கப்பட்டும், அந்தத் தொண்டை மட்டும் மாறவே இல்லை. முழுதும் குடித்து முடித்துவிட்டுத்தான் டம்ளரை வைத்தேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறு போதகரிடம் அனுமதி வாங்கி, ஆராதனை முடிவில் எழுந்து பேசினேன். இவர் புதிதாக மாற்றலாகி வந்தவர். அந்தப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். கடைசி வரிசையில் இருந்தாள். நான் பேசியது இதுதான்: நம் சபையின் சகோதரி ஒருவர் விஷயத்தில், சில வருடங்களுக்கு முன், நிர்வாகத்தில் ஏற்பட்ட ஒரு குறையால் மனவருத்தம் உண்டானது, அதற்கு அடியேனும் ஒரு காரணமாக இருந்திருந்தால் சபை என்னை மன்னிக்க வேண்டும். முந்தின நாள் இதைத் தாளில் எழுதி மூன்று முறை திருத்தியிருந்தேன். "நான் அடித்தேன்" என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டு "உண்டானது" என்று போட்டேன்.

வெளியே வந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கையைப் பிடித்து, "இந்த வயசுல இப்பேர்ப்பட்ட தாழ்மை யாருக்கு சார் வரும்" என்றார். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போதகர், அடுத்த வாரப் பிரசங்கத்தில் உதாரணமாகச் சொல்லலாமா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். எனக்கு அது இனித்தது. என் வாழ்நாளில் நான் செய்த காரியங்களில் இதைப் போல எனக்கு ஓங்கரிப்பு உண்டாக்குவது வேறில்லை. ஒரு பெண்ணின் அவமானத்தை எடுத்து அதிலிருந்தும் எனக்கு ஒரு மாலை கட்டிப் போட்டுக்கொண்டேன்.

ஆலயத்தின் கேட் அருகே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லா பேசினீங்க சார். நான் மட்டும்தான் அதுல இல்ல" என்றாள்.

போதகரிடம் போய், இன்னொரு முறை பேச வேண்டும், பேசியது சரியில்லை என்றேன். "முடிஞ்சதை ஏன் கிளர்றீங்க ஐயா? சபையில பேச்சு வரும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆலயத்துக்குள் பேச முடியாது. வராந்தாவில் பேச யாருடைய அனுமதியும் வேண்டாம். அடுத்த திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை அவளை வரச் சொல்லிவிட்டு, நானும் போய் வரிசையில் நின்றேன். இப்போது அந்த மேசையில் வங்கியில் வேலை செய்யும் ஓர் இளைஞர் உட்காருகிறார். முன்னால் நின்றவர்கள், "சார், நீங்க வாங்க, முன்னாடி வாங்க" என்று வழி விட்டார்கள். போகவில்லை. என் முறை வந்ததும் திரும்பி நின்று, இந்த முறை தாள் இல்லாமல், சொன்னேன். இந்தம்மாவின் பெயரை இதே மேசையில் நான் அடித்தேன். போதகர் சொன்னதாகப் பொய் சொன்னேன். இந்தம்மாமேல் தவறு எதுவும் இல்லை. கூலிக்குக் காய் நறுக்கி, பசிக்குச் சாப்பிட்டார். நான் அதே மலையின் தீபத்தைக் காட்டி மாடி வாடகை வாங்கினேன். என் வீட்டிலேயே பொங்கல் சாப்பிட்டவளின் பெயரை எழுதினேன்.

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மனைவியைக் காட்டிக்கொடுக்கிறேனோ என்று இருந்தது. அவள் சொல்லச் சொல்லியிருப்பாள் என்றே நம்புகிறேன்.

ஒருவரும் தாழ்மை என்று சொல்லவில்லை. ஒரு வயதான அம்மாள் மட்டும், "மாடி விஷயம் எல்லாருக்குந்தான் தெரியுமே" என்றாள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் தோளில் வேலைப் பையோடு படிக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

செயலர் இளைஞர் தயங்கியபடி, "அக்கா, உங்க பேர எழுதிடட்டுமா?" என்றார்.

"இப்ப வேணாம் தம்பி. பொண்ணு கிட்ட போன்ல கேட்டேன். 'நீ போய் எடும்மா, நான் வரல'ன்னுட்டா. அன்னிக்கு அவ தனியா மண்டி போட்டா. இன்னிக்கு நான் தனியா போட்டா சரியாப் போயிடுமா?"

நான் படியிறங்கி அவளிடம் போய், மகளோடு நானே பேச வேண்டும், எண்ணைத் தருவீர்களா என்று கேட்டேன்.

"அவள கேட்டுட்டு சொல்றேன் சார். அவ வேணாம்னா குடுக்க மாட்டேன்."

"சரிம்மா" என்றேன். ஷேர் ஆட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் பார்க்கிறேன். ஸ்தோத்திரம் சொல்கிறாள். எண்ணைத் தரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.